பரணில் போட்டாச்சா?

முதல்வர் அம்மாவிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் அந்தக் கல்லூரியில் எல்லாருக்கும் அவள் லேப் அக்காதான். முதல்வருக்கு அவளைவிட எட்டு வயது கூட. அவரும் "லேப் அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றுதான் போனில் கூப்பிடுவார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்த வேலை, கணினிக்கூடத்தின் கதவருகே நின்று "செருப்பைக் கழட்டு, பையை வெளியே வை, கையெழுத்துப் போடு" என்று மூன்றே மூன்று வாக்கியம் சொல்வது. நாலாவது வாக்கியம் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் சும்மா நிற்கிற ஜாதகமா அது? ரிப்பேர் பார்க்கிறவர் வந்து மெஷினைத் திறந்தால், டார்ச் பிடிக்கிறேன் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். இரண்டே வருஷத்தில் அவர் டார்ச் பிடித்தார், இவள் திறந்தாள். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் காணாமல் போய்ப் பதினேழு வருஷமாகிறது. "எவன்டா எடுத்தது?" என்று இன்றைக்கும் டிப்போவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் சந்தேகப்படுகிறார். அது லேபின் மேசை இழுப்பறையில் சௌக்கியமாக இருக்கிறது.

லேபில் முப்பத்திரண்டு மெஷின்கள். ஓடுவது இருபத்தைந்து, அதுவும் அக்காவின் முகத்துக்காக. ஏழாம் நம்பரின் விசிறி கத்தும். பதினொன்றில் 'ன'வை ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை விழும். அதில் அடித்த கட்டுரையை வாத்தியார்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பதினாலாம் நம்பர் மட்டும் எந்த மக்கரும் பண்ணாது. ஆனால் அதைத் தாண்டிப் போகும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பொத்திப் பொத்தி வைத்துக் கடைசியில் அவிழ்க்கிற வேலை எனக்கு ஆகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேபில் வைரஸ் புகுந்துவிட்டது. இரண்டாவது வரிசை முழுவதையும் துடைத்துப் புதிதாக்கு என்று அலுவலகத்திலிருந்து உத்தரவு. அக்கா மூன்று நாள் நோட்டீஸ் ஒட்டினாள், வகுப்பு வகுப்பாகப் போய்த் தொண்டை கட்டக் கத்தினாள். எல்லாரும் வந்து அவரவர் சரக்கை எடுத்துக்கொண்டார்கள். கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி மட்டும் அந்த மூன்று நாளும் மஞ்சள் காமாலையில் வீட்டில் படுத்துக் கிடந்தாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று நூற்றுப் பன்னிரண்டு அம்மாக்களை நேரில் பார்த்துக் கேட்டு எட்டு மாதமாக எழுதிய ஆய்வேடு, பதினாலாம் நம்பருக்குள் இருந்தது. அக்காவின் கைதான் பட்டனை அழுத்தியது.

விஷயம் தெரிந்ததும் அலுவலகத்தில் பதறிப்போய், "துடைக்கறதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சு, எந்திரக் கோளாறுன்னு எழுதிடுங்க" என்றார்கள். அக்காவும் லேப் பதிவேட்டில் அப்படியே எழுதினாள், அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னார்கள். அந்தப் பெண் ஆய்வேடு கொடுக்க முடியாமல் வருஷத்தை விட்டாள், மனசும் விட்டுப்போய் மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். இந்த வருஷம்தான் திரும்பி வந்திருந்தாள். கழுத்தில் கயிறு கட்டி மூன்று பென்டிரைவ். பையில் கையால் எழுதிய பிரதி ஒன்று. அதே அம்மாக்களைத் தேடிப் போய் மறுபடி கேட்டபோது, "ஏம்மா, போன தடவை சொன்னதெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். பதினாலாம் மெஷினே கதி என்று அதிலேயே உட்கார்வாள் என்பதால் கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் 'பதினாலு'. அவள் உள்ளே வந்தால் அக்கா பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. பழைய மெஷின்கள் மொத்தமும் போகின்றன. வரப்போகிற புது மெஷின்கள் தங்களுக்குள் எதையும் வைத்துக்கொள்ளாது. பென்டிரைவ் செருகும் ஓட்டையும் இருக்காது. எழுதுவது, சேர்ப்பது, எடுப்பது எல்லாம் இன்டர்நெட் வழியாகக் கிளவுடில். பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பழைய முப்பத்திரண்டையும் அழித்து லாரியில் ஏற்ற வேண்டும். அழிக்க வேண்டியவள் யார்? வேறு யார், அக்காதான். அறுநூற்று நாற்பது பிள்ளைகளின் உழைப்பு அந்த மெஷின்களுக்குள் கிடந்தது. இன்னொரு பிள்ளையின் எட்டு மாதம் என் கையால் போகக்கூடாது என்று அன்றைக்கே அவள் மனதுக்குள் முடிந்துகொண்டாள்.

பிள்ளைகளைக் கிளவுடுக்குக் கூட்டிவரும் பொறுப்பு ஒரு பேராசிரியரிடம் போனது. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கணிப்பு சார்'. கேன்டீன் டீயில் சர்க்கரை போதுமா என்பதற்கே இருபது கேள்வி அச்சடித்து நீட்டிய மனிதர். நல்ல மனசு, கெட்ட மனசு என்கிற பேச்சே இல்லை, நல்ல மனசுதான். ஆனால் தமிழில் ஆங்கிலம் கலந்தால் அவருக்கு அரிப்பெடுக்கும். நோட்டீஸை அவரே எழுதினார். பெரிய எழுத்தில் வாசல் சுவரில் ஒட்டினார்.

'மேகம்: தயக்கம் வேண்டாம்! விழிப்புணர்வு முகாம். மாணவ மாணவியர் தவறாது வருக. ரகசியம் காக்கப்படும்.'

அடக் கடவுளே! மேகம் என்றால் பழைய வைத்தியர்களின் போஸ்டரில் வேறு அர்த்தம் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. வெளியே சொல்லக் கூசும் அந்த நோய்க்கு மேகம் என்றுதானே பெயர் போடுவார்கள்! போதாக்குறைக்கு 'ரகசியம் காக்கப்படும்' வேறு. அவர் சொன்னது கோப்புகளின் ரகசியத்தை. மத்தியானத்துக்குள் எவனோ ஒரு புண்ணியவான் 'மேகம்' பக்கத்தில் பேனாவால் 'நோய்' என்று சேர்த்துவிட்டான். மாலையில் ஒரு அப்பா அலுவலகத்துக்கு போன் போட்டு, "என் பொண்ணை எதுக்குங்க இந்த மாதிரி முகாமுக்கெல்லாம் கூப்பிடறீங்க?" என்று எகிறினார். இருநூறு நாற்காலி போட்ட அறையில் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் ஊசி போடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

சார் அசரவில்லை. நாற்பத்தெட்டுக் கேள்வியோடு கருத்துக்கணிப்பு நடத்தினார். கடைசி வெள்ளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முதல்வர் அறையில் கூட்டம்.

"தொண்ணூத்திநாலு சதவீத மாணவர்கள் 'முற்றிலும் உடன்படுகிறேன்'னு போட்டிருக்காங்க மேடம்," என்று சார் காகிதக் கட்டை மேசையில் வைத்தார். முகம் பூரித்துக் கிடந்தது.

முதல்வர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நாப்பத்தொண்ணு மேடம்."

"சதவீதமா?"

"இல்ல மேடம், ஆளு. அறுநூத்தி நாப்பதுல நாப்பத்தோரு பேர்தான் உள்ளேயே போயிருக்காங்க. இன்னிக்குக் காலையில பார்த்தேன்."

சாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அப்புறம் எதுக்கு உடன்படறேன்னு போட்டாங்க?"

"நீங்க பேப்பரை நீட்டினா மார்க் வருமோன்னு பயந்து போட்டிருப்பாங்க சார். 'எனக்குப் பாம்பு கடிச்சாப் பிடிக்கும்'னு கேட்டிருந்தாலும் உடன்பட்டிருப்பாங்க."

முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் தேதி மாறாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். லாரி சொல்லியாகிவிட்டது, புது மெஷின்கள் கிளம்பிவிட்டன. "எப்படியாவது ஏத்துங்க" என்றார்.

எப்படியாவது என்றால் எப்படி? அக்கா அன்று லேபுக்குத் திரும்பும்போதே கடுப்பில் இருந்தாள். ஐந்தாம் நம்பரில் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேகத்துல போட்டா கலைஞ்சிடாதா?"

கேலியா, நிஜமா என்று அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். நிஜம்தான். பிள்ளை மிரண்டுபோய் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பென்ன? மேகம் என்றால் கலையும், இல்லாவிட்டால் கொட்டித் தீர்க்கும். கட்டுரையைக் கொண்டுபோய் அதிலா வைப்பார்கள்?

"மேகமாவது மண்ணாங்கட்டியாவது!" அக்காவுக்கு வந்ததே ஆத்திரம். "அது பரண்தான்டி! உங்க வீட்ல பரண் இருக்கில்ல? கைக்கு இடைஞ்சலா இருக்கற சாமானை என்ன பண்ணுவீங்க? மேலே ஏத்துவீங்க. வேணுங்கறப்ப இறக்குவீங்க. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் முகாமாம்!"

அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். "பரண்ல வெச்சா வீட்ல எல்லாரும் பாப்பாங்களே அக்கா?"

"ஏணி யார் கையில இருக்கு? உன் கையில. ஏணியைக் குடுத்தாத்தானே ஏறுவாங்க? அந்த பாஸ்வேர்டுதான் ஏணி. எவளுக்கும் குடுக்காதே."

"ஏணியைத் தொலைச்சிட்டா?"

"தொலைச்சுட்டு என்கிட்ட வா. திட்டிட்டு வேற ஏணி போட்டுத் தர்றேன்."

பக்கத்து மெஷின்காரி 'களுக்'கென்று சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் திரும்பிக் கேட்டாள். அவ்வளவுதான். ஐந்தாம் நம்பரில் புறப்பட்ட வார்த்தை மறுநாள் கேன்டீனுக்குப் போய்விட்டது. "பரண்ல போட்டாச்சா?" என்பது பையன்களிடம் 'சாப்டாச்சா'வுக்குப் பதிலாக ஆயிற்று. குரூப் வேலை செய்கிறவர்கள் "எனக்கு ஏணி குடு, என் பங்கை ஏத்திடறேன்" என்றார்கள். காதலில் தோற்ற ஒருவன் "அவளைப் பரண்ல போட்டுட்டேன் மச்சான்" என்றான். சுவரிலிருந்த நோட்டீஸில் 'மேகம்' அடிபட்டு 'பரண்' ஆகியிருந்தது. இந்த முறை சாரே பேனா எடுத்து அடித்தார் என்று ஒரு பேச்சு. எண்ணிக்கை நாற்பத்தொன்றிலிருந்து நூற்றுத் தொண்ணூறு, அங்கிருந்து முன்னூற்று எண்பது என்று எகிறியது. அக்கா ஒவ்வொரு நாளும் அதைக் கணவரிடம் ஸ்கோர் மாதிரி சொன்னாள். "பரண்ணு பேர் வெச்சது நீயா? நம்ம வீட்டுப் பரண்ல ஒரு பொருள் தேடினாக் கிடைக்காதே!" என்று அவர் வாரினார்.

ஆனால் முன்னூற்றுத் தொண்ணூறில் வண்டி நின்றுவிட்டது. கடைசி வருஷத்துக்காரர்கள் யாரும் அசையவில்லை. ஆய்வேடு வைத்திருப்பவர்களே அவர்கள்தான். என்னடா என்று விசாரித்தால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: "பதினாலு அக்காவே போடலையே!"

வாஸ்தவம்தானே. ஒருமுறை எல்லாவற்றையும் பறிகொடுத்தவள் நம்பாத இடத்தில் மற்றவன் எதற்குப் போய்த் தலையைக் கொடுப்பான்?

புதன்கிழமை மத்தியானம் லேப் காலியாக இருந்தபோது அக்கா பதினாலாம் நம்பரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"நான் போட மாட்டேன் அக்கா," அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க நல்லவங்க. உங்க மேல கோபமில்ல. ஆனா மெஷினை நான் நம்ப மாட்டேன். அன்னிக்கு இந்த மெஷின் என்னை என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

அக்கா எழுந்து போய்ப் பழைய பதிவேட்டை எடுத்துவந்து விரித்தாள். 'மெஷின் 14: எந்திரக் கோளாறு' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இது பொய்ம்மா. மெஷின் ஒண்ணும் பண்ணல. துடைக்கச் சொன்னாங்க, நான்தான் துடைச்சேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கல. அப்புறம் இப்படி எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். ரெண்டு வருஷமா மனசுக்குள்ள செத்துட்டிருக்கேன், நீ திரும்பி வந்ததுலேர்ந்து உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. என்னை மன்னிச்சிடுன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரல."

பதினாலு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். போயிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

"ரெண்டு வருஷம் அக்கா," என்றாள் கடைசியில். "ஏதோ என் ராசி சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன். தொட்டதெல்லாம் கெட்டுப்போகும்னு... மருந்துக்கடையில பில் மெஷினைத் தொடவே பயப்படுவேன்."

"உன் ராசிக்கு ஒண்ணுமில்லம்மா. என் கைதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமையும் நீங்கதானே அழிக்கப் போறீங்க?"

"ஆமா. நாலு மணிக்கு."

"அப்ப இன்னிக்கே அழிங்க."

"என்னது?"

"நான் பரண்ல ஏத்தறேன். இந்த மெஷின்ல இருக்கறதை என் கண்ணு முன்னாடி நீங்க அழிங்க. அதுக்கப்புறமும் இருக்கான்னு நான் பார்க்கணும். அப்பத்தான் நம்புவேன்."

நியாயமான பேச்சு. ஆய்வேடு மேலே ஏறியது. அக்கா மவுஸைக் கையில் பிடித்தாள். பிடித்தாளே தவிர அழுத்த விரல் வரவில்லை. இப்போதும் ஏதாவது ஆகிவிட்டால்? பதினாலு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். பதினாலாம் நம்பரில் அந்தக் கோப்பு இல்லை.

அவள் நேராக மூன்றாம் நம்பருக்குப் போனாள். ஏணியைப் போட்டாள். திறந்தாள். நூற்றுப் பன்னிரண்டு அம்மாக்களும் வரிசையாக வந்து நின்றார்கள். மூடினாள். கத்துகிற ஏழாம் நம்பரில் திறந்தாள். அதிலும் இருந்தார்கள். செருப்பைக்கூடப் போடாமல் நூலகத்துக்கு ஓடினாள். அக்காவும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள். நூலகத்து மெஷினில் இருந்தது. கேன்டீனில் ஒருத்தியின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள், அதிலும் இருந்தது.

"அக்கா, இருக்குக்கா! எல்லாத்துலயும் இருக்குக்கா!" என்று கேன்டீன் நடுவில் அவள் போட்ட கூச்சலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். அக்கா ஒரு பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் கடைசி வருஷத்துக்காரர்களுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை லேப் வாசலில் வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. முன்னால் முடித்தவர்கள் பின்னால் நிற்பவர்களுக்கு ஏணி போட்டுக் கொடுத்தார்கள். பதினாலு நின்ற இடத்தைச் சுற்றித்தான் கூட்டம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு எண்ணிக்கை அறுநூற்று நாற்பது. ஒருவர் பாக்கியில்லை! அக்கா மூன்று தடவை சரிபார்த்தாள். முதல்வர் லேபுக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு, "பரண்ல எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார். கேட்டபிறகுதான் தானும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது.

மூன்றே முக்காலுக்கு லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே கணிப்பு சார் ஓடிவந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க! என் ஆய்வு... அறுநூறு மாணவர்களோட பதில்... ஒண்ணாம் நம்பர் மெஷின்லதான்..."

"பரண்ல போடலையா சார்?"

சார் மென்று முழுங்கினார். "நான்... உள்ளே போனதே இல்ல."

நாற்பத்தெட்டுக் கேள்வி கேட்ட மனிதர்! லேபே வெடித்துச் சிரித்தது. அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டு பதினாலைப் பார்த்தாள். அவள் வந்து, "உட்காருங்க சார். உங்க ஏணி எது? பிறந்த தேதியா?" என்று பொறுமையாகக் கேட்டாள். ஏழு நிமிஷத்தில் சாரின் ஆய்வு முழுவதும் மேலே ஏறிவிட்டது. அறுநூற்று நாற்பத்தொன்று.

"நாப்பத்தொன்பதாவது கேள்வி ஒண்ணு சேர்க்கணும்," என்றார் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "பரணில் போட்டாயிற்றா? அது ஒண்ணு கேட்டிருந்தா போதும்."

நாலு மணி. அக்கா ஒன்றாம் நம்பரில் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் திறந்து, ஓடாத ஏழின் டிஸ்க்கையும் கழற்றி ஓடுகிற மெஷினில் மாட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துடைத்தாள். இரண்டாவது வரிசைக்கு வந்தபோது பதினாலாம் நம்பரின் முன்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் பென்டிரைவ் கயிறு இல்லை. அக்காவின் கை மவுஸின் மேல் போய் நின்றது.

"அழிங்கக்கா," என்றாள் அவள். "என்ன யோசனை? அழிங்க."

அக்கா அழுத்தினாள். திரை வெளுத்தது. பதினைந்தாம் நம்பருக்கு நகர்ந்தாள்.

முப்பத்திரண்டும் முடிந்ததும் பதிவேட்டை எடுத்து எழுதினாள்: 'இன்று மாலை முப்பத்திரண்டு மெஷின்களும் என் கையால் அழிக்கப்பட்டன. இழப்பு: இல்லை.' கையெழுத்துப் போட்டாள். அப்புறம் பக்கங்களைப் பின்னால் புரட்டி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, நடந்ததை நடந்தபடி மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பேனாவைக் குடுங்கக்கா," என்று அந்தப் பெண் கையை நீட்டினாள். இரண்டு பக்கத்திலும் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டாள்.